மவுஸுக்குள் ஓர் ஒளி வாய்க்கால்

கணிப்பொறியின் மவுஸைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? சில மவுஸ்களில் தெரியாது. அவை நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துபவை. வெளிச்சம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உள்ளே ஒரு விளக்கு எரிகிறது என்பது உறுதி.

அந்த விளக்கு எங்கே இருக்கிறது? துளைக்கு நேர் மேலே இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பழுதான மவுஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் வியப்படைவீர்கள். விளக்கு ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். துளைக்கு நேர் மேலே இருப்பது கறுப்பு நிறச் சில்லு ஒன்று. விளக்கு ஓரிடத்தில், வெளிச்சம் வேறோரிடத்தில்! இரண்டுக்கும் நடுவே விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. ஏரித் தண்ணீரை வயலுக்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்கால் போல, விளக்கின் ஒளியை மேசைப் பரப்புக்குக் கொண்டு சேர்ப்பது இந்தத் துண்டுதான்.

பார்த்தால் அற்பமான பொருள். ஆனால் இது சரியாக அமையாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சில்லை வைத்தாலும் மவுஸ் குருடாகிவிடும். ஏன் அப்படி? இந்த வாய்க்காலை எப்படி வடிவமைக்கிறார்கள்? நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒளியியலை வைத்துக்கொண்டே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

சக்கரத்திலிருந்து ஒளிக்கு

முதல் மவுஸ் 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் உருவாயிற்று. எண்ணம் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவருடையது. அதைச் செய்து கொடுத்தவர் பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர். மரப்பெட்டி ஒன்றின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் கூட்டத்தின் முன் எங்கல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார்.

பின்னர் சக்கரங்களுக்குப் பதிலாக உருளும் பந்து வந்தது. பந்து மவுஸ் நன்றாகவே உழைத்தது. ஆனால் மேசையில் உள்ள தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பந்து உருட்டி உருட்டி உள்ளே கொண்டு சேர்த்தது. உருளைகளில் அழுக்குப் படிந்ததும், திரையில் அம்புக்குறி நின்று நின்று நகரும். பந்தைக் கழற்றித் துடைப்பது அந்நாளில் கணிப்பொறி அறைகளில் வழக்கமான வேலை.

உருளும் உறுப்பே இல்லாமல் ஒளியால் நகர்வை அளக்க முடியாதா? 1980-ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே இதைச் செய்து காட்டினார்கள். ஒருவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் லயன். மற்றவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டீவ் கிர்ஷ். ஆனால் அந்த மவுஸ்கள் தனியாக அச்சிட்ட பலகையின் மேல்தான் ஓடும். புள்ளிகளோ கோடுகளோ ஒழுங்காக வரைந்த பலகை இல்லாவிட்டால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

எந்த மேசையிலும் ஓடும் ஒளி மவுஸ் பெருமளவில் கடைக்கு வந்தது 1999-இல்தான். அதே ஆண்டில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்திலிருந்து அஜிலென்ட் என்ற நிறுவனம் பிரிந்தது. இத்தகைய சில்லுகளையும் அவற்றுக்கான பிளாஸ்டிக் லென்ஸ்களையும் அது உலகெங்கும் விற்றது.

மவுஸ் என்ன பார்க்கிறது?

அந்தக் கறுப்புச் சில்லு உண்மையில் ஒரு சிறு புகைப்படக் கருவி. எடுத்துக்காட்டாக, அஜிலென்ட் விற்ற ஏ.டி.என்.எஸ்.-2610 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் கண்ணில் வரிசைக்கு 18 ஆக 18 வரிசை, ஆக மொத்தம் 324 ஒளி உணரும் கட்டங்கள் உள்ளன. ஒரு நொடிக்கு 1,500 படங்கள் எடுக்கிறது.

324 கட்டங்களில் என்ன பெரிய படம் தெரியும்? ஒன்றும் தெரியாது, கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகச் சில திட்டுகள் தெரியும். மவுஸுக்கு அது போதும். அது மேசையை இரசிக்கப் போவதில்லை, ‘எவ்வளவு நகர்ந்தேன்?’ என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுகிறது.

விடை தேடும் முறை எளியது. முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறது. பொருந்தவில்லையா? ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிப் பார்க்கிறது. ஒரு கட்டம் வலப்பக்கம், மேலே, கீழே, மூலைவாட்டில் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. எந்த நிலையில் இரண்டு படங்களும் நன்றாகப் பொருந்துகின்றனவோ, அவ்வளவு தூரம் மவுஸ் நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது ஒரு கணக்கு. இந்தச் சில்லு 1 அங்குல நகர்வை 400 பங்குகளாக அளக்கிறது. ஆகவே ஒரு பங்கு 25.4 ÷ 400 = ஏறக்குறைய 0.06 மி.மீ. நம் தலைமயிரின் பருமன் அளவுதான்! ஒரு கட்டம் பார்க்கும் இடமும் ஏறத்தாழ இவ்வளவே. 18 கட்டங்கள் சேர்ந்தால் 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். அதாவது, மவுஸ் பார்க்கும் உலகம் முழுவதும் 1 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மவுஸை வேகமாக இழுத்தால் என்ன ஆகும்? இந்தச் சில்லு நொடிக்கு 12 அங்குலம், அதாவது 305 மி.மீ. வேகம் வரை தாங்கும். அந்த வேகத்தில் இரண்டு படங்களுக்கு இடையே மவுஸ் நகரும் தூரம் 305 ÷ 1,500 = 0.2 மி.மீ. இது 3 கட்டங்களுக்குச் சற்று மேல். 18 கட்டங்களில் 3 கட்டங்கள் நழுவினாலும் மீதி இரு படங்களுக்கும் பொதுவாக இருக்கும், ஒப்பிட முடியும். அளவு மீறி இழுத்தால் சில்லு தடுமாறும்.

உச்சி வெயிலும் மாலை வெயிலும்

எல்லாம் சரி. வெறும் வெள்ளைத் தாளின் மேல் மவுஸை வைத்தால்? அதில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. பொருத்திப் பார்க்கத் திட்டுகள் எங்கிருந்து வரும்?

கடற்கரை மணலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் மணற்பரப்பு வெளுத்துச் சமமாகத் தெரியும். மாலையில் சூரியன் தாழ்ந்ததும் அதே மணலில் ஒவ்வொரு காலடிச் சுவடும் குழியும் மேடுமாக எடுப்பாகத் தெரியும். மணல் மாறவில்லை, ஒளி வரும் கோணம்தான் மாறியது. சாய்ந்த ஒளி ஒவ்வொரு மேட்டுக்கும் நீண்ட நிழலைத் தருகிறது. சுவர்ப் பூச்சு சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கொத்தனாரும் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது இதற்காகவே.

வெள்ளைத் தாளும் மணற்பரப்பு போன்றதுதான். மரக்கூழ் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மேடும் பள்ளமுமாக இருக்கும். ஓர் இழை 0.02 மி.மீ. உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் நிழல் இல்லை. பரப்பிலிருந்து 70° உயரத்தில் வரும் ஒளியில் நிழலின் நீளம் 0.007 மி.மீ.; மவுஸின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 20° உயரத்தில் வரும் ஒளியிலோ 0.055 மி.மீ. ஏறக்குறைய ஒரு கட்டம் முழுவதும் நிழல்!

எனவே மவுஸ் பெரும்பாலும் பார்ப்பது மேசையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் தரும் நிழல்களையே. அதற்கு ஓயாத மாலை வெயில் தேவை. அதை உண்டாக்குவதுதான் வடிவமைப்பாளரின் முதல் வேலை.

ஒளி சாய்வாக இருந்தால் மட்டும் போதாது. சீராகவும் விழ வேண்டும். ஒளித்திட்டின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். விளக்கு மவுஸோடு சேர்ந்தே நகர்கிறது அல்லவா? எல்லாப் படங்களிலும் அந்தப் பளிச்சும் மங்கலும் அதே இடத்தில் இருக்கும். படங்களை ஒப்பிடும் சில்லு, ‘எதுவும் இடம் மாறவில்லையே, நாம் நகரவில்லை போலும்’ என்று ஏமாறக்கூடும்!

இடம் போதவில்லை

விளக்கையே சாய்த்து வைத்துவிட்டால் என்ன? அதற்கு இடம் இல்லை. படம்பிடிக்கும் லென்ஸுக்கும் மேசைக்கும் உள்ள தூரம் நாம் எடுத்துக்கொண்ட சில்லுக்கு வெறும் 2.4 மி.மீ. வழக்கமாகப் பயன்படும் எல்.இ.டி. விளக்கின் பருமனோ 5 மி.மீ. அந்தச் சந்துக்குள் விளக்கு எப்படி நுழையும்?

விளக்கை மேலேயே சுற்றுப் பலகையில் வைத்து, தூரத்திலிருந்து சாய்வாக ஒளியை அனுப்பலாமா? விளக்கு 8 மி.மீ. உயரத்தில் இருந்தால், 20° சாய்வில் ஒளி மேசையைத் தொட 22 மி.மீ. பக்கவாட்டில் பயணம் செய்ய வேண்டும். வழியில் மவுஸின் அடித்தகடு குறுக்கே நிற்கும்.

ஆக, வழி ஒன்றே. படுத்திருக்கும் விளக்கின் ஒளியை முதலில் கீழே இறக்க வேண்டும். பிறகு தரையருகே பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பில் இரண்டு கண்ணாடிகள் இருப்பது போல இங்கேயும் இரண்டு திருப்பங்கள் வேண்டும். ஆனால் அவ்வளவு சிறிய கண்ணாடிகளைச் செய்து, பூச்சுப் பூசி, கோணம் தவறாமல் ஒட்டுவது பெரும் செலவு. மவுஸின் விலை எங்கோ போய்விடும்.

பூச்சு இல்லாத கண்ணாடி

இங்கேதான் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள முழு அக எதிரொளிப்பு கைகொடுக்கிறது. ஒளி, நீர் அல்லது கண்ணாடி போன்ற அடர்மிகு ஊடகத்திலிருந்து காற்றுக்குள் வெளியேற முயலும்போது, குத்துக்கோட்டிலிருந்து விலகி வளைகிறது. படுகோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நிலையில் வெளியேறும் கதிர் பரப்பை ஒட்டியே செல்லும். அந்தப் படுகோணமே மாறுநிலைக் கோணம். அதற்கும் மேல் போனால் ஒளி வெளியேறுவதே இல்லை. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது.

1841-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் டேனியல் கொலாடன் இதை அழகாகக் காட்டினார். தொட்டியின் துளையிலிருந்து வளைந்து பாயும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தினார். ஒளி தாரைக்குள் எதிரொளித்து எதிரொளித்து, தாரையோடு சேர்ந்து தானும் வளைந்து சென்றது! நேர்கோட்டில் செல்லும் ஒளிக்கும் வாய்க்கால் வெட்ட முடியும் என்பது அன்று கண்கூடாகத் தெரிந்தது.

மாறுநிலைக் கோணம் பொருளுக்குப் பொருள் மாறும். நீருக்கு ஏறக்குறைய 49°. சாதாரணக் கண்ணாடிக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கும் ஏறக்குறைய 42°. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு 39°. அதன் ஒளிவிலகல் எண் 1.59. மாறுநிலைக் கோணம் குறையக் குறைய ஒளியைத் திருப்புவது எளிது. மவுஸ் லென்ஸ்களைப் பாலிகார்பனேட்டில் வார்ப்பதில் இது ஒரு வசதி.

வாய்க்காலை வெட்டுவோம்

வாருங்கள், காகிதமும் கோணமானியும் எடுத்துக்கொண்டு நாமே ஒரு வாய்க்காலை வடிவமைப்போம்.

விளக்கின் ஒளி விரிந்துகொண்டே வருகிறது. எனவே பிளாஸ்டிக் துண்டின் நுழைவாயிலைத் தட்டையாக விடாமல் குவிந்த வடிவில் அமைப்போம். அது லென்ஸாகச் செயல்பட்டுக் கதிர்களை ஏறக்குறைய இணையாக்கிவிடும்.

கிடையாக வரும் ஒளியைச் செங்குத்தாகக் கீழே இறக்க வேண்டும்; அதாவது 90° திருப்பம். எதிரொளிப்பில் திரும்பும் கோணம் = 180° − (2 × படுகோணம்). ஆகவே படுகோணம் 45°. இது 39°-ஐவிட அதிகம். ஒளி கசியாமல் திரும்பிவிடும்.

கீழே இறங்கிய ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, கிடையிலிருந்து 20° மட்டும் கீழ்நோக்கிச் சாயும்படி அனுப்ப வேண்டும். அதாவது 70° திருப்பம். படுகோணம் 55°. இதுவும் 39°-க்கு மேல். வெற்றி!

கடைசியாக வெளிவாயில். அதை ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கதிர் வளையாமல் நேரே வெளியேறும்.

ஒரே முகத்தால் இன்னும் கூடுதலாகத் திருப்ப முடியுமா? 180° − (2 × 39°) = 102°. அதுதான் எல்லை. 110° திருப்ப வேண்டுமென்றால் படுகோணம் 35° ஆகிவிடும். ஒளியின் பெரும்பகுதி அந்த முகத்தின் வழியே வெளியே கசிந்துவிடும். அப்படிக் கசியும் ஒளி வீணாவது மட்டுமன்று, சில்லின் கண்ணில் பட்டுப் படத்தையும் வெளுக்கச் செய்யும்.

இழப்பைப் பார்ப்போம். முழு அக எதிரொளிப்பில் இழப்பே இல்லை. நுழையும்போதும் வெளியேறும்போதும் மட்டும் ஒவ்வொரு முறையும் 5 சதவீத ஒளி எதிரொளித்துப் போய்விடும். மீதி ஏறக்குறைய 90 சதவீதம் மேசைக்குச் செல்லும். அலுமினியம் பூசிய கண்ணாடியாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் சுமார் 10 சதவீதம் போயிருக்கும். பூச்சு பூசியதைவிடப் பூசாததே மேல்!

வார்ப்பதில் உள்ள நுட்பம்

இதில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. ஒளி வாய்க்காலையும் படம்பிடிக்கும் லென்ஸையும் ஒரே அச்சில் ஒரே துண்டாக வார்த்துவிடுகிறார்கள். ஒளி விழும் இடமும் லென்ஸ் பார்க்கும் இடமும் ஒன்றையொன்று விட்டு விலகவே முடியாது. மவுஸ் பூட்டும் தொழிலாளி எதையும் சரிசெய்து கொண்டிருக்க வேண்டியதில்லை. உரிய இடத்தில் பொருத்தினால் போதும்.

ஆனால் அச்சு செய்பவருக்குப் பொறுப்பு அதிகம். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். தடித்த பகுதி மெதுவாக ஆறுவதால் அதன் முகம் சற்றுக் குழிந்துவிடலாம். தட்டையாக இருக்க வேண்டிய முகம் குழிந்தால் ஒளித்திட்டு இடம் மாறிவிடும். அச்சின் உட்புறத்தில் கீறல் இருந்தால் வார்க்கும் ஒவ்வொரு துண்டிலும் அதே கீறல் விழும். அங்கே ஒளி சிதறும்.

தூரத்திலும் கண்டிப்பு உண்டு. நாம் பார்த்த 2.4 மி.மீ. தூரம் 0.1 மி.மீ. கூடலாம் அல்லது குறையலாம். அதற்கு மேல் கூடாது. மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழவழப்பான பாதத் துண்டுகள் தேய்ந்து போனால் மவுஸ் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கண்டிப்பால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. மேசையின் விளிம்பு வரை வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கிறோம் அல்லவா? அப்போது அம்புக்குறி பெரும்பாலும் நகர்வதில்லை. ஏன்? 20° சாய்வில் வரும் ஒளி, மவுஸை 1 மி.மீ. தூக்கினாலே 2.75 மி.மீ. தள்ளி விழும். மவுஸ் பார்ப்பதோ 1 மி.மீ. சதுரம். ஒளித்திட்டின் பெரும்பகுதி பார்வையைவிட்டு விலகிவிடுகிறது, படமும் கலங்கிவிடுகிறது. தூக்கினால் குருடு, வைத்தால் பார்வை!

கண்ணாடி மேசையில் ஏன் தடுமாறுகிறது?

முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். அம்புக்குறி அசைய மறுக்கும் அல்லது கண்டபடி தாவும். அத்தனை வழவழப்பான பரப்பில் நிழல் தர மேடு இல்லை. சாய்ந்து விழும் ஒளி அதே சாய்வில் மறுபக்கம் தெறித்து ஓடிவிடுகிறது. மேலே உள்ள லென்ஸுக்கு ஒன்றும் எட்டுவதில்லை.

இந்தக் குறையைக் குறைக்க 2004-ஆம் ஆண்டு லாஜிடெக் நிறுவனம் லேசர் ஒளியில் இயங்கும் மவுஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்.இ.டி. ஒளிக்குப் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை லேசர் ஒளி காட்டிக்கொடுக்கும். 2009-இல் அதே நிறுவனம், கண்ணாடியின் மேல் உள்ள மிக நுண்ணிய தூசியும் கீறலும் இருட்டுப் பின்னணியில் மின்னுவதைப் பார்த்து நகர்வை அளக்கும் மவுஸையும் வெளியிட்டது. ஒளியை எந்தக் கோணத்தில் அனுப்புவது என்ற கேள்வி மாறவில்லை. விடைகள்தாம் புதிது புதிதாக வருகின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

1. இருட்டறையில் ஒரு வெள்ளைத் தாளை இலேசாகக் கசக்கி விரித்து வையுங்கள். டார்ச் விளக்கை முதலில் நேர் மேலே பிடியுங்கள். பிறகு மேசையோடு ஒட்டிப் பிடியுங்கள். எதில் சுருக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன? விளக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தி, நிழல் மறையும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கண்ணாடித் தம்ளர் நிறைய நீர் எடுத்துக் கையில் பிடியுங்கள். மேலிருந்து நீரின் வழியே தம்ளரின் உட்சுவரைச் சாய்வாகப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியது போல் மின்னும். வெளியே உள்ள விரல்கள் தெரியா. இப்போது விரல்களை ஈரமாக்கி அழுத்திப் பிடியுங்கள். விரல் ரேகைகள் மட்டும் தெரியும்! ரேகை தொட்ட இடத்தில் காற்று இல்லை. அங்கே முழு அக எதிரொளிப்பு கெட்டுவிட்டது. மவுஸின் ஒளி வாய்க்காலில் எதிரொளிக்கும் முகங்களின் மேல் பசையோ பிசுக்கோ படக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

3. பழுதான மவுஸ் கிடைத்தால், கணிப்பொறியோடு இணைக்காமல், திருகாணியைக் கழற்றிப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் துண்டை எடுத்து நுழைவாயிலில் டார்ச் ஒளியைக் காட்டுங்கள். வெளியேறும் ஒளி ஒரு தாளில் எங்கே விழுகிறது? இரண்டு சாய்ந்த முகங்களையும் கண்டுபிடித்துக் கோணமானியால் அளந்து பாருங்கள். ஓர் எச்சரிக்கை: இயங்கும் மவுஸின் துளைக்குள், குறிப்பாக லேசர் மவுஸின் துளைக்குள், கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம்.

முடிக்கும் முன் ஒரு கணக்கு. நாம் வடிவமைத்த வாய்க்காலைப் பாலிகார்பனேட்டில் வார்க்காமல், அதே வடிவத்தில் மெல்லிய கண்ணாடிச் சுவர் கொண்ட பெட்டி செய்து அதில் நீரை நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 45° முகத்தில் ஒளி திரும்புமா? 55° முகத்தில் திரும்புமா? திரும்பாத முகத்தை எத்தனை முகங்களாகப் பிரித்தால் ஒளியைக் கசியாமல் இறக்கலாம்? தேவையான எண்கள் எல்லாம் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன. படம் வரைந்து கணக்கிட்டுப் பாருங்கள்.